மூன்று துளை, ஒரு துண்டு டேப்: இலங்கையின் ஊவா மலையில் பறந்த மாணவர் ரொக்கெட் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஞாயிறு காலை 9.52க்கு ஏவிய ரொக்கெட்டின் கீழ்ப்பாதி, அரை நிமிடம் கழித்து ஏழாம் நம்பர் மலையில் ஒரு தேயிலைச் செடியைப் பிளந்துகொண்டு மண்ணில் குத்தி நின்றது. தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைப் பகுதியையும் 'மலை' என்றுதான் சொல்வோம். நம்பர் போட்ட மலை. ரொக்கெட் குத்திய இடத்திலிருந்து பன்னிரண்டு எட்டுத் தள்ளி ஒரு கொழுந்துக் கூடை இருந்தது. கூடைக்காரம்மா வெற்றிலை போடுவதற்காக நிரையின் ஓரத்துக்குப் போயிருந்தார்.

அந்தக் கூடை இல்லாவிட்டால் இந்த ஆய்வை இரண்டு பக்கத்தில் முடித்திருப்பேன். மாணவர்கள் செய்யும் ரொக்கெட் உடைவது வழமை. ஆள் இருக்கும் இடத்தில் விழுவது வழமை அல்ல.

அப்போது நான் பொறியியல் இறுதியாண்டு. குழுவில் இலத்திரனியலும் பரசூட்டும் என் பொறுப்பு. அதாவது, மேலே போவது மற்றவர்கள் வேலை, பத்திரமாகக் கீழே இறக்குவது என் வேலை. பல்கலைக்கழகத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. தவறு எங்களுடையது, பெயர் அவர்களுடையது.

எதைப் பறக்கவிட்டோம்

ரொக்கெட் 1.6 மீற்றர் நீளம், 76 மில்லிமீற்றர் விட்டம், மோட்டரோடு சேர்த்து 3.4 கிலோ. உடல், துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய். அதன்மேல் கண்ணாடியிழை போட்டு ரெசின் பூசி, ஒரு வாரம் உரைகடதாசியால் தேய்த்தோம். மூக்குக் கூம்பை முப்பரிமாண அச்சில் எடுத்தோம். செட்டைகள் நான்கு. மோட்டர் சீனி அடிப்படையிலான எரிபொருள் கொண்டது. தரையில் கட்டிவைத்துச் செய்த சோதனையில் 1.6 செக்கன் எரிந்து ஏறக்குறைய 420 நியூற்றன் செக்கன் கணத்தாக்கு (தள்ளுவிசையை நேரத்தால் பெருக்கிய அளவு) தந்தது. ஓப்பன்ரொக்கெட் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது உச்சி 610 மீற்றர் என்று வந்தது.

இந்த ஆய்வின் மையம் மூளைப் பெட்டிதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடலின் நடுவில் 20 சென்ரிமீற்றர் நீளமான ஓர் அறை. அதற்குள் ஈ.எஸ்.பி. 32 என்ற சின்னக் கணினிப் பலகை, பி.எம்.பி. 280 அமுக்க உணரி, வேகம் மாறும் வீதத்தை அளக்கும் ஓர் ஆர்முடுகல்மானி, பற்றரி. மேலே போகப் போக வளியமுக்கம் குறையும். உச்சி தாண்டி இறங்கத் தொடங்கியதும் அமுக்கம் கூடும். அமுக்கம் குறைவது நின்று கூடத் தொடங்கும் கணம்தான் உச்சி. அந்தக் கணத்தில் பலகை வெளித்தள்ளு மருந்தை, அதாவது சிறிதளவு வெடிமருந்தை, கொளுத்தும், மூக்குக் கூம்பு கழன்று பரசூட் வெளியே வரும். உச்சியில் ரொக்கெட் கிட்டத்தட்ட நின்றுவிடுவதால் பரசூட் மெதுவாக விரியும். அங்கே தவறவிட்டால் ஒவ்வொரு செக்கனுக்கும் விழும் வேகம் ஏறக்குறைய 10 மீற்றரால் கூடிக்கொண்டே போகும்.

உணரி வெளி அமுக்கத்தை உணர வேண்டுமென்றால் அறைக்குள் வெளிக்காற்று வந்து போக வேண்டும். அதற்காக அறையின் சுவரில் சம இடைவெளியில் மூன்று துளைகள், ஒவ்வொன்றும் 2.5 மில்லிமீற்றர். ஒரே துளை என்றால், பக்கக் காற்று அதற்கு நேரே அடிக்கும்போது பொய்யான அமுக்கம் காட்டும். மூன்று இருந்தால் ஒன்றின் பொய்யை மற்ற இரண்டும் சமன்படுத்தும். இவ்வளவுதான் விஷயம். மூன்று துளை.

இதே ரொக்கெட்டை, சின்ன மோட்டரோடு, மகியங்கனைக்கு அப்பால் அறுவடை முடிந்த வயலில் ஒருமுறை பறக்கவிட்டிருந்தோம். வெயில் கொளுத்தியது, மண் வெடித்துக் கிடந்தது, ரொக்கெட் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கியது. அந்த வெற்றிதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். அங்கே எழுதிய சோதனைப் பட்டியலை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஏன் மலையில்

பலர் கேட்ட கேள்வி. ஒன்று, வீட்டுக்குப் பக்கம். கேலிக்குச் சொல்லவில்லை, பஸ் கூலி என்பது மாணவர் குழுவுக்குப் பெரிய கணக்கு. இரண்டு, 1,400 மீற்றர் உயரத்தில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 12, 13 வீதம் குறைவு. இழுவை குறையும், அதே மோட்டர் கொஞ்சம் கூடப் போகும். மூன்று, பண்டாரவளைப் பக்கத்து மானாப்புல் வெளிகளில் மரமும் வீடும் குறைவு. தெற்கே ஹப்புத்தளைக் கணவாய் வழியாக ஏறிவரும் காற்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தோம்.

அனுமதி எடுக்கப் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். விமானப் போக்குவரத்துப் பக்கம், பாதுகாப்புப் பக்கம், பொலிஸ் நிலையம் என்று மூன்று வாசல். வெளித்தள்ளு மருந்தும் எரிபொருளும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தை நினைத்துக்கொண்டே தொட வேண்டிய சாமான்கள். விரிவுரையாளர் ஒருவர் கையெழுத்திட்டு, ஒவ்வொரு கிராமுக்கும் பதிவு வைத்து, எங்கே பூட்டி வைக்கிறோம் என்பதையும் காட்டித்தான் வேலை நடந்தது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. 2019 ஏப்ரல் 21, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏவிய டிரவலர் 4 ரொக்கெட் 100 கிலோமீற்றரைத் தாண்டியது. உலகில் முழுக்க முழுக்க மாணவர்கள் செய்த ரொக்கெட் ஒன்று அந்த எல்லையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அதே நாள் இலங்கையில் உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த நாள். ஒரே திகதி, இரண்டு நினைவு. அதற்குப் பிறகு இந்த நாட்டில் யாராவது குழாயும் இரசாயனமுமாகப் போனால் நிறுத்திக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். தோட்டத்துப் பெடியன் ஒருவன் ஒன்றரை மீற்றர்க் குழாயோடு பதுளை பஸ்ஸில் ஏறினால் என்ன நடக்கும் என்று என் அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. குழாயைத் துணியால் சுற்றி, கடிதத்தின் பிரதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அன்று காலை

மார்ச் மாதம். இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலம், மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை நிச்சயம். அதனால் காலை 8 மணிக்குள் ஏவிவிட வேண்டும் என்பது திட்டம். 6.10க்கு, கொட்டகைக்குள் வைத்து, சோதனைப் பட்டியலின் 14ஆம் வரியை வாசித்தோம்: அமுக்கத் துளைகள் திறந்தும் சுத்தமாகவும் உள்ளனவா. டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றும் திறந்திருந்தன. சரி போட்டேன்.

6.40க்கு ரொக்கெட்டை வெளியே எடுத்தபோது பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்துவிட்டது. மலையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அது மழை இல்லை, ஆனால் ஐந்து நிமிடம் நின்றால் தலைமுடி நனைந்துவிடும். ஏவுதண்டில் நின்ற ரொக்கெட்டின் உடலில் நீர்த்துளி கோத்து வழியத் தொடங்கியது. உணரிக்குள் தண்ணீர் போனால் எல்லாம் போச்சு என்று பயந்து, செலோடேப்பை ஒரு சுற்றுச் சுற்றி மூன்று துளையையும் மூடினேன். ஏவுமுன் எடுத்துவிடலாம் என்று. பக்கத்தில் நின்ற, குழுவில் எனக்கு இளைய தம்பி ஒருவனிடமும் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

அப்புறம் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பனி விலகும், திரும்ப வரும். பற்றரி இறங்கியது, மாற்றினோம். தீமூட்டிக் கம்பி ஒன்று ஈரத்தில் வேலை செய்யவில்லை, அதையும் மாற்றினோம். குழுவில் பாதிப் பேர் சாப்பிடக்கூட இல்லை. 9.40க்குத் திடீரென்று வானம் திறந்தது. கையில் பிடித்த காற்றுமானி செக்கனுக்கு 4 மீற்றர் காட்டியது. எங்கள் எல்லை 5. எல்லோரும் ஓடினார்கள். அந்த அவசரத்தில் பட்டியலை 15ஆம் வரியிலிருந்து தொடர்ந்தோம், ஏனென்றால் 14 வரைக்கும் ஏற்கெனவே சரி போட்டாயிற்று.

டேப் நிறமற்றது. ரொக்கெட் வெள்ளை. ஈரம் பட்ட வெள்ளை உடலில் நிறமற்ற டேப்பை இரண்டு எட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தொலைவிலிருந்து வரும் தரவிலும் தெரியவில்லை. தரையில் நிற்கும்வரை மூடிய அறைக்கும் திறந்த அறைக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டும் உயரம் பூச்சியம் என்றுதான் காட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. ஏவும்போது ஒருவருக்கொருவர் கத்தியது சிங்களத்தில். டேப்பைப் பற்றி நான் தம்பியிடம் சொன்னது தமிழில், தாழ்ந்த குரலில். குழுத்தலைவிக்கு அந்த டேப் இருப்பதே தெரியாது. மொழியைக் குற்றம் சொல்லவில்லை. சொன்னது எழுத்தில் ஏறவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பறப்பு

மோட்டர் 1.9 செக்கன் எரிந்தது. தரைச் சோதனையைவிட 0.3 செக்கன் அதிகம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ரொக்கெட் ஏவுதண்டை விட்டதும் சேவற்காற்றாடி போலக் காற்றின் பக்கம் தலையைத் திருப்பியது. செட்டை உள்ள எந்த ரொக்கெட்டும் அதைச் செய்யும். ஆனால் நாங்கள் நின்ற இடம் மேட்டின் மறைவு. மேட்டுக்கு மேலே காற்று கூட என்பதைக் கைமானி சொல்லவில்லை. கணவாய்ப் பக்கம் சாய்ந்தபடியே ஏறியது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினோம். தலை கீழே திரும்பியதைக் கண்டோம். பரசூட் வரவில்லை. "எங்க மல்லி பரசூட் எக?" என்று பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக யாரோ கத்தினார்கள். அப்போதுதான் 'டப்' என்று சத்தம் கேட்டது. ஆரஞ்சுப் பரசூட் விரிந்தது, விரிந்த வேகத்தில் கீழே தொங்க வேண்டிய உடல் கழன்று தனியாக உருண்டுகொண்டு விழுந்தது. மூக்குக் கூம்பும் பரசூட்டும் காற்றோடு அரைக் கிலோமீற்றர் போய் யூகலிப்டஸ் மரத்தில் தொங்கின. அதை இறக்கிக் கையில் எடுக்கப் பின்னேரம் 2 மணி.

உடலைத் தேடி நான்தான் முதலில் ஓடினேன். செடிகளுக்கு மேலே தலைகள் தெரிந்தபோது கால் நின்றுவிட்டது. எட்டுப் பத்துப் பேர், கூடையோடு.

"தம்பி, இது ஒங்களுதா?" என்று கேட்டார் அந்த அம்மா. திட்டவில்லை. "நல்லவேள, இப்பதான் கூடைய எறக்கி வச்சேன். வெத்தில போடலன்னா நான் அங்கனதான் நின்னிருப்பேன்."

"மன்னிச்சிக்குங்கம்மா" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

"யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று அடுத்த கேள்வி. சொன்னேன். என் அம்மாவின் தோட்டத்தையும் தெரிந்திருந்தது அவருக்கு. அது இன்னும் மோசமாக இருந்தது.

மோட்டரில் தொடங்கி, துளைக்கு வந்தது

உடல் குழாய் மேல்முனையிலிருந்து 31 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சிப் திறந்தது போலக் கிழிந்திருந்தது. கயிறு கிழித்த காயம். பரசூட் வேகமாக விழும்போது விரிந்தால், அதை உடலோடு இணைக்கும் நைலோன் கயிறு குழாயின் விளிம்பை வெட்டிக்கொண்டு இறங்கும். எங்கள் கயிறு அதோடு நிற்காமல் கொக்கியையும் பிய்த்துக்கொண்டது. ஆக பரசூட் பிந்தி விரிந்தது என்பதில் சந்தேகமில்லை. ஏன் பிந்தியது?

முதல் நாள் கூட்டத்தில் பாதி நேரம் மோட்டரைப் பற்றியே போனது. எரிந்த நேரம் கூட, உயரம் குறைய, ஆகவே மோட்டர்தான் குற்றவாளி என்று. எல்லோருக்கும் மோட்டர்மேல் பயம், பயம் இருக்கும் இடத்தில்தான் சந்தேகமும் போகும். ஆனால் மோட்டர் மெலிந்தால் உச்சி குறையும், உச்சியைக் கண்டுபிடிப்பது பிந்தாது. உயரமான இடத்தில் வளி குறைவு, அதனால் வெளித்தள்ளு மருந்து சரியாக எரியவில்லை என்று இன்னொருவர் சொன்னார். அந்தப் பிரச்சினை உண்மைதான், ஆனால் ஆறாயிரம் மீற்றரை அண்டிப் பறப்பவர்களுக்கு. நாங்கள் இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

தரவை எடுத்துப் பார்த்தபோது கதை மாறியது. ஆர்முடுகலைத் தொகுத்துக் கணித்த வேகம் 11.2ஆவது செக்கனில் பூச்சியத்தைத் தொட்டது, உயரம் சுமார் 540 மீற்றர். அமுக்க உணரியின் கோடோ 14.6 செக்கன்வரை ஏறிக்கொண்டே போய் 482 மீற்றரில் உச்சம் தொட்டது. அதுவும் ஒரு சோம்பேறி வளைவு. உண்மையான ரொக்கெட் அப்படிப் பறக்காது. உயரம் 3 மீற்றர் இறங்கியது உறுதியானால்தான் மருந்தைக் கொளுத்து என்று நிரலில் எழுதியிருந்தோம், அதற்கு இன்னும் 0.7 செக்கன். மொத்தத்தில் 15.3ஆவது செக்கனில் மருந்து வெடித்தது. ஒளிப்பதிவில் சத்தம் 16.8இல் கேட்கிறது. ரொக்கெட் எங்களிடமிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் தூரத்தில் இருந்தது, ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 1.5 செக்கன். கணக்குப் பொருந்தியது. அந்தக் கணத்தில் ரொக்கெட் கிட்டத்தட்ட மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தச் சோம்பேறி வளைவை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் காற்று அடைபட்டு, ஊசிமுனை அளவு ஓட்டையால் மெல்ல மெல்லக் கசிந்தால்தான் அப்படி வரும். வெளியே அமுக்கம் மளமளவென்று குறைகிறது. உள்ளே மெதுவாகக் குறைகிறது. ரொக்கெட் உச்சி தாண்டிக் கீழே வரத் தொடங்கியும் உள்ளே இருக்கும் அமுக்கம் வெளியைவிடக் கூடவே இருப்பதால் கசிவு தொடர்கிறது, பலகை இன்னும் ஏறுகிறோம் என்றே நினைக்கிறது. ஒரு கட்டத்தில் உள்ளும் வெளியும் சமமாகின்றன. அதுதான் 14.6. வேடிக்கை என்னவென்றால், பறப்பு முழுக்க அந்த உணரி வெளி உயரத்தைச் சரியாகச் சொன்னது அந்த ஒரு கணத்தில் மட்டும்தான். ஆர்முடுகல் கணக்கிலும் 14.6இல் உயரம் 483.

சரி, அடைத்தது எது? இங்கே நான் செய்த காரியத்தை மறைக்காமல் எழுத வேண்டும். டேப் எனக்கு நினைவில் இருந்தது. எடுத்துவிட்டேன் என்றும் நினைவிருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினேன். அதனால் "பனித்தண்ணீர் துளையை அடைத்திருக்கும்" என்று கூட்டத்தில் நானே முன்வைத்தேன். கேட்க அழகான விளக்கம், மலைக்கே உரிய விளக்கம், யாருக்கும் பழி இல்லாத விளக்கம். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அறிக்கையின் முதல் வரைவில் அதுதான் காரணம் என்று எழுதியும் விட்டோம்.

அதைக் கலைத்தவள் இரண்டாம் வருடத் தங்கச்சி ஒருத்தி. "அண்ணா, தண்ணிப் படலம் எவ்வளவு அமுக்கத்தத் தாங்கும்?" என்று கேட்டாள். பரப்பிழுவைக் கணக்கு, உயர்தரத்தில் எல்லோரும் படித்ததுதான். 2.5 மில்லிமீற்றர் துளையில் நிற்கும் நீர் ஏறக்குறைய 115 பாஸ்கல் வித்தியாசம் வந்ததும் உடைந்துவிடும். அந்த உயரத்தில் ஒரு மீற்றர் ஏறினால் அமுக்கம் 10 பாஸ்கலுக்குக் கொஞ்சம் கூடக் குறைகிறது. ஆக 11 மீற்றர் ஏறுமுன் தண்ணீர் பிய்ந்து பறந்திருக்க வேண்டும். அவள் துளையில் தண்ணீர் வைத்து, ஊசிக்குழாயால் இழுத்தும் காட்டினாள். 'ப்ளக்' என்று உடைந்தது. என் அழகான விளக்கம் அதோடு முடிந்தது.

அன்று இரவு ஒளிப்பதிவை ஒவ்வொரு சட்டமாக ஓட்டிப் பார்த்தேன். ஏவுவதற்கு 40 செக்கன் முன்னால், மேகம் விலகிச் சூரியன் உடலில் பட்ட ஒரு நொடியில், நடுவில் ஒரு வளையம் மின்னுகிறது. டேப். அடுத்த நாள் உடலைக் கழுவாமல் வைத்திருந்த பெட்டியைத் திறந்து விரலால் தடவினேன். அரை வளையம் இன்னும் ஒட்டியிருந்தது, மண்ணோடு. இரண்டு வாரமாக அது என் மேசைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

பிஸ்கட் போத்தல்

டேப்தான் என்று நம்பினால் போதாது, அதே வளைவு மறுபடி வர வேண்டும். தேநீர்க் கடைகளில் பிஸ்கட் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினோம். மூடியில் இரண்டு ஓட்டை: ஒன்றில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாய், மற்றதில் கையால் திறந்து மூடும் வால்வு. 540 மீற்றர் ஏறுவதற்குச் சமமான அமுக்கக் குறைவு 55 ஹெக்டோபாஸ்கல்தான், பெரிய வெற்றிடம் தேவையில்லை. பலமாக உறிஞ்சினால் வாயாலேயே அவ்வளவு வரும். முதலில் அப்படித்தான் செய்து பார்த்தோம், கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

மூளைப் பெட்டியை உள்ளே வைத்து, 11 செக்கன் உறிஞ்சி, பிறகு வால்வைத் திறந்து இறக்கினோம். துளைகள் திறந்திருந்தபோது உச்சியைக் கண்டுபிடிப்பதில் பின்னடைவு 0.1 செக்கனுக்குள். நனைந்த துளைகளோடும் அதே. டேப் சுற்றியபோது மூன்று முறையும் பிந்தியது: 3.1, 3.6, 3.9 செக்கன். வளைவைப் பறப்பின் வளைவுக்கு மேலே வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருந்தது. காற்று எங்கே கசிந்தது என்றும் தெரிந்தது: வயர் போகும் துவாரத்தில் பூசிய சிலிக்கனில் ஒரு மயிரிழை வெடிப்பு. அந்த வெடிப்பு இல்லாவிட்டால் பரசூட் வந்தே இருக்காது. சரியாகப் பூசாத வேலை ஒன்று எங்களைக் காப்பாற்றியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதையும் பூசியவன் நான்தான்.

காரணங்களில் டேப் கடைசி ஆள். அதற்கு முன்னால் வேறு இரண்டு பேர் வழிவிட்டிருக்கிறார்கள். நேரத்தை வைத்து, 13ஆவது செக்கனில் எப்படியும் வெடிக்கும் மாற்று மின்சுற்று ஒன்று வடிவமைப்பில் இருந்தது. 90 கிராம் பாரம் குறைக்க அதை எடுத்தோம். கூட்டக் குறிப்பில் என் சம்மதம் இருக்கிறது. அடுத்தது, சரி போட்ட வரிக்கு எத்தனை மணி நேரம் ஆயுள் என்று பட்டியலில் எங்கும் இல்லை. மகியங்கனையில் அது தேவைப்படவில்லை, அங்கே பட்டியல் தொடங்கி 35 நிமிடத்தில் ஏவிவிட்டோம்.

ஏழாம் நம்பர் மலையில் ஏன் ஆள் இருந்தார்கள்

ரொக்கெட் விழுந்த இடம் ஏவுதண்டிலிருந்து 240 மீற்றர். எங்கள் பாதுகாப்பு வட்டம் 300 மீற்றர். அதாவது அந்த மலை வட்டத்துக்குள்ளேயே இருந்தது. அங்கே யாரும் இருந்திருக்கக் கூடாது. தோட்டத்து ஒப்பீசுக்குப் புதன்கிழமை கடிதம் கொடுத்தோம். ஞாயிறு மலையில் வேலை இல்லை என்று பதில் வந்தது. கோப்பில் வைத்தோம். 3ஆம் வரி, சரி.

அந்த வாரம் மழை பெய்து கொழுந்து பொங்கிவிட்டது. சனிக்கிழமைப் பெரட்டில் ஞாயிறு கைக்காசு என்று சொல்லிவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு: பெரட்டு என்பது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. கைக்காசு என்பது வேலை இல்லாத நாளில் விரும்பியவர்கள் போய்ப் பறித்து, கிலோக் கணக்கில் கையில் காசு வாங்குவது. கடிதத்துக்குப் பதில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. புதன்கிழமை அது உண்மைதான். ஏவுவதற்கு முன்னால் சுற்றிப் பார்க்கப் போன இரண்டு பேரும் தார் ரோட்டையும் மேட்டையும்தான் பார்த்தார்கள். ஏழாம் நம்பர் மலை மேட்டின் மறுபக்கச் சரிவு, பனி வேறு.

குழுவில் இருபத்திரண்டு பேர். அதில் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான் ஒருவன். கொழுந்து கூடினால் ஞாயிறு கைக்காசு நடக்கும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. என் பள்ளிக்கூடச் சப்பாத்து கைக்காசில் வாங்கியது. அன்று காலைகூட, எங்கள் தோட்டத்தில் அம்மா மலைக்குப் போயிருந்தார். போனில் சொன்னார், நானும் 'சரிம்மா' என்றேன். அதை இந்தத் தோட்டத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. பாதுகாப்பு வட்டம் என் பொறுப்பு இல்லை, இலத்திரனியல்தான் என் பொறுப்பு. அப்படித்தான் என் தலைக்குள் பிரித்து வைத்திருந்தேன்.

ஆய்வுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது குழுத்தலைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் ஒருத்தரும் உன்னிடம் கேட்கவில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் அறிக்கையில் அப்படியே சேர்த்தோம், பதில் இல்லாமல்.

பிறகு

மாற்றங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. செலோடேப்புக்குத் தடை, துளைகளுக்கு இப்போது சிவப்புத் துணி வால் கட்டிய இறப்பர் வளையம், வால் ஒரு முழம், மூன்று மொழியிலும் 'கழற்று' என்று எழுதியது. கழற்றியவர் அதைக் குழுத்தலைவியின் கையில் கொடுக்காமல் தீமூட்டியின் சாவி வெளியே வராது. பட்டியலில் ஒவ்வொரு சரிக்கும் நேரம் எழுத வேண்டும், 45 நிமிடம் தாண்டினால் முதலிலிருந்து. மாற்று மின்சுற்று திரும்ப வந்தது, 90 கிராமோடு. கயிறு இறங்கும் விளிம்பில் ஒரு தடித்த வளையம். பாதுகாப்பு வட்டம் மேட்டின் மறுபக்கத்தையும் சேர்த்து 500 மீற்றர். ஏவுவதற்கு முந்தின நாள் பெரட்டு முடியும்வரை ஒருவர் அங்கே நிற்க வேண்டும், கடிதம் இருந்தாலும். தமிழ் பேசத் தெரிந்தவர். அது பெரும்பாலும் நான்தான்.

செடிக்குத் தோட்டம் நட்டஈடு கேட்கவில்லை. நாங்களாகவே தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையிலிருந்து கன்று வாங்கிக் கொடுத்தோம்.

மீதியிருப்பது அந்த 70 மீற்றர். 610 வர வேண்டியது 540தான் வந்தது. மோட்டர்க்காரர்கள் காற்றில் சாய்ந்ததுதான் காரணம் என்கிறார்கள்: ஏவுதண்டை விடும்போது வேகம் செக்கனுக்கு 16 மீற்றர், மேட்டுக்கு மேலே காற்று 6 என்று வைத்தால் அவ்வளவு சாய்வு வரும். நான் ஈரம் என்கிறேன்: சீனி எரிபொருள் தண்ணீரை உறிஞ்சும், மூன்று மணி நேரம் பனியில் நின்றது, 1.6க்குப் பதில் 1.9 செக்கன் எரிந்தது. அவர்களிடம் சாய்வைக் காட்டும் கோண மானியின் தரவு இருக்கிறது, என்னிடம் அந்த 0.3 செக்கன் இருக்கிறது. எரிபொருள் துண்டு ஒன்றை ஒரு இரவு முழுக்க விடுதி ஜன்னலுக்கு வெளியே வைத்து நிறுக்கலாம் என்றேன். விடுதிப் பொறுப்பாளர் சம்மதிக்கவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான்.